ஆழம் காணாது

நான் இதைப் பிழையாகச் சொல்லிப்போடுவேனோ என்றுதான் பயம், தங்கச்சி. முன்னுக்குச் சொல்ல வேண்டியதைப் பின்னுக்குச் சொன்னால் என்னைக் கெட்டவள் என்று நினைப்பீர்கள். பின்னுக்குச் சொல்ல வேண்டியதை முன்னுக்குச் சொன்னால் அந்த மனிசரைக் கெட்டவர் என்று நினைப்பீர்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஒழுங்காகக் கதை சொல்ல வராது. நான் கடைக்குப் போய் வந்ததைச் சொன்னாலே கேட்கிறவன் வழிதவறிப் போவான் என்று என்ரை மனிசன் சொல்லும்.

நீங்கள் ஹம் நகரத்து அம்மன் கோயில் தேருக்குத்தானே? சேலையைக் கண்டவுடனே நினைத்தேன். பீலஃபெல்டிலேயோ இருக்கிறீர்கள்? அப்ப சரி. எங்களுடைய பக்கம் என்றால் வாய் திறந்திருக்க மாட்டேன். ரெயினில் எங்களுக்கு முன்னால் இருக்கிற வெள்ளைக்காரன் நித்திரைதானே? தமிழ் விளங்காது, தெரியும். ஆனால் கதைக்குள் ஒன்றிரண்டு ஜெர்மன் சொல்லு, டொச்சுச் சொல்லு வரும். அதை மெதுவாகச் சொல்லுகிறேன், காதைக் கொஞ்சம் கிட்டத் தாருங்கோ.

நான் கோயிலுக்குப் போவது ஒரு பிழை பொறுக்கச் சொல்லிக் கேட்க. வெள்ளிக்கிழமைகளில் மாட்டிறைச்சி சூப் குடித்துவிட்டேன். ஆசைக்கு இல்லை. குடிக்க வேண்டி வந்தது. அது ஏன் வந்தது என்று சொல்லப் போனால்தான் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

எங்களுக்கு டுல்டுங். அகதி வழக்கு இரண்டு தரம் தள்ளுப்பட்டு, இனிமேல் மேலே போக இடமில்லை என்று வந்த பிறகு தந்தது. இந்த நாட்டில் இருக்கலாம் என்று அந்தக் கடுதாசி சொல்லாது. இப்போதைக்குத் திருப்பி அனுப்பவில்லை என்று மட்டும் சொல்லும். அதை நீட்டுகிற நாள் வந்தால் முதல் நாளே கடுதாசிகள் எல்லாவற்றையும் எடுத்து அடுக்கத் தொடங்கிவிடுவேன். மகள் நிரோஜா அப்போது பாலர் வகுப்பு. வெளிநாட்டவர் கந்தோரில் இருக்கிறவர் ஒரு நாள் முத்திரை குத்தாமல் விட்டால் மூன்று பேரும் கொழும்பு பிளேனில் ஏற வேண்டியதுதான். மனிசன் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். அந்த வேலையைக் காட்டி நிற்க ஏலாது.

அந்த நேரத்தில்தான் ஃபிரவ் ஹெல்கா என்று ஒரு டொச்சு அம்மா தகப்பனைப் பார்க்க ஆள் தேடினார். தகப்பனுக்கு வயது எண்பதுக்கு மேலே. பெரிய வீடு, தனிய இருக்கிறார். முதியோர் இல்லத்தில் விட மாட்டேன் என்று மகள் ஒற்றைக் காலில் நின்றார். ஆனால் வீட்டுக்கு வந்த பெண்டுகளை எல்லாம் கிழவர் கத்திக் கலைத்துத் துரத்திப்போட்டார். ஒருத்தி கதிரையில் குந்திக்கொண்டு அவரோடு கதைத்தாளாம், அதற்கே கலைத்தாராம்.

என்னைக் கூட்டிக்கொண்டு போகும்போது ஹெல்கா சொன்னார், அப்பாவை ஹெர் ரிட்மைஸ்டர் என்று கூப்பிடு, அவருக்கு அது பிடிக்கும் என்று. எனக்குக் காதில் விழுந்தது மாஸ்டர். எங்களுடைய ஊரில் மாஸ்டர் என்றால் என்ன? படிப்பிக்கிறவர். சதாசிவம் மாஸ்டர், பொன்னுத்துரை மாஸ்டர். நான் உடனே சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கையைக் கட்டி, சுவரோடு ஒதுங்கி நின்றேன். மாஸ்டருக்கு முன்னால் ஆராவது கதிரையில் இருப்பார்களோ? அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நெடிய மனிசர், வளைந்த கால், தும்புத்தடி மாதிரி நிமிர்ந்த முதுகு. நல்லாய்ப் பழக்கியிருக்கிறார்கள், இவள் நிற்கட்டும் என்றாராம். அது குதிரைப் படைக் கப்பித்தானின் பதவிப் பெயர் என்று எனக்குத் தெரிய வரவே ஒரு வருசம் சென்றது. தெரிந்த பிறகும் நான் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டேன். அவரும் ஓம் என்று திரும்பினார்.

ஹெல்கா கந்தோருக்குப் போய்ச் சொன்னார், இந்தப் பெண் இல்லாவிட்டால் அப்பா சாப்பிட மாட்டார், மருந்து எடுக்க மாட்டார் என்று. அவருக்கு அங்கே ஆளைத் தெரியும். வேலை அனுமதியும் வந்தது, டுல்டுங் நீளமாகவும் கிடைத்தது. ஆனால் பாருங்கோ, அது என்னத்தில் கட்டியிருக்கிறது? அந்த மனிசர் உயிரோடு இருக்க வேண்டும், வீட்டில் இருக்க வேண்டும், என்ரை கையால் சாப்பிட வேண்டும். இந்த மூன்றில் ஒன்று பிசகினாலும் எங்களுடைய கதை முடிந்தது. அவர் இருமினால் ஓடிப்போய் முதுகைத் தடவுவேன். அவர் நித்திரையில் அசையாமல் கிடந்தால் கிட்டப் போய் மூச்சு வருகிறதோ என்று பார்ப்பேன்.

எனக்கு டொச்சு படிப்பித்தது அவர்தான். உண்மையாகவே மாஸ்டர். பிழையாகச் சொன்னால் கதிரைக் கையில் தட்டுவார், சரியாகச் சொல்லும் வரைக்கும் விட மாட்டார். ஆனால் அவருக்குத் தெரிந்த டொச்சு எல்லாம் குதிரையோடு வந்தது என்று எனக்கு என்ன தெரியும்? வண்டியிலிருந்து இறங்குவதற்கு "அப்சிட்சன்" என்று சொல்லித் தந்தார். நானும் ஒரு நாள் பஸ்ஸில் நிரோஜாவின் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கதவை அடைத்துக்கொண்டு நிற்க, "அப்சிட்சன்!" என்று போட்டேன். சாரதி சிரித்த சிரிப்பில் பஸ் புறப்பட நேரம் சென்றது. குதிரையை விட்டு இறங்கு என்று படைக்குச் சொல்லுகிற சொல்லாம் அது.

பின்னேரங்களில் தன்னுடைய கதையைச் சொல்லுவார். நான் நின்றுகொண்டு வெள்ளிக் கிண்ணங்களைத் துடைப்பேன். எல்லாம் குதிரையில் பாய்ந்து வென்றது. சுவர் முழுக்கக் குதிரைப் படம். செத்துப்போன மனுசியின் படம் ஒன்றுதான், அதுவும் ஒரு குதிரைப் படத்துக்குக் கீழே சின்னதாக. பிறந்தது கிழக்கே, இப்போது ரஷ்யாக்காரரிடம் போய்விட்ட இடம். தகப்பனுக்குக் கண்ணுக்கு எட்டிய தூரம் வயல், குதிரைப் பட்டி. நடக்கப் பழக முன்னம் குதிரையில் இருத்திவிடுவார்களாம். பதினெட்டு வயதில் படைக்குப் போனார். முதல் குளிர்காலம் முழுக்கக் கால் வைக்கிற வளையம் இல்லாமல் ஓடவிடுவார்களாம், தொடை உரிந்து காற்சட்டையோடு ஒட்டிப்போகுமாம். அதைச் சொல்லும்போது அவருக்கு முகம் மலரும். பிறகு அதிகாரி. போட்டிகள், பரிசுகள், பெரிய இடத்துப் பெண்கள். பிறகு அந்த இரண்டாவது உலகச் சண்டை வந்தது. போலந்துக்குப் போனார், பிரான்சுக்குப் போனார். ஃபசான் என்று ஒரு குதிரை, சிவலை, நெற்றியில் வெள்ளை. பாரிசுக்குள் அதிலேதான் போனாராம்.

அதற்குப் பிறகு ரஷ்யா. ஜூன் மாதம் ஆற்றைக் கடந்தோம் என்பார். அவ்வளவுதான். கோப்பி கேட்பார். குடித்து முடித்துவிட்டுத் தொடங்கினால் பனி கொட்டும், குதிரைகள் செத்துக் கிடக்கும், ஆட்கள் அதைத் தின்பார்கள். பிறகு இங்கிலீசுக்காரர் பிடித்து வைத்தது, வெறுங்கையோடு இந்த ஊருக்கு வந்தது, சின்னப் பிள்ளைகளுக்குக் குதிரை ஓடப் பழக்கியது. ஊரில் இருக்கிற டொக்டர், வழக்குப் பேசுகிற அப்புக்காத்து, வங்கிக்காரர் எல்லாம் அவரிடம் பழகினவர்கள்தான். குதிரை ஓடுகிற மைதானத்துக்கு அவருடைய பெயர் வைத்திருக்கிறார்கள். தெருவில் தொப்பியைத் தூக்காமல் ஒருவரும் அவரைத் தாண்டிப் போக மாட்டார்கள்.

ஆற்றுக்கும் பனிக்கும் நடுவில் ஒரு கோடைகாலம் இருந்தது. அதை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வயது போன மனிசர் எல்லாவற்றையும் சொல்லுவார்களோ? நான் எல்லாவற்றையும் சொல்லுகிறேனோ?

போன மாரியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. நான்தான் கண்டேன், நான்தான் போன் அடித்தேன். ஆசுப்பத்திரியில் இருந்து திரும்பி வரும்போது இடது கை வேலை செய்யவில்லை, புத்தியும் ஒரு இடத்தில் நிற்கவில்லை. அந்தக் கோடைகாலம் அப்போதுதான் வெளியே வந்தது.

முதலில் துண்டு துண்டாக வந்தது. சதுப்பு நிலம், நாணல் புல்லு, கொசு. குதிரை முழங்கால் வரைக்கும் புதையுது. ஃபசான் போக மாட்டேன் என்கிறது. ஒரு கிராமம், பெண்டுகள், பிள்ளைகள், தண்ணிக்குள் நிற்கிறார்கள். பிறகு எப்போதும் ஒரே வசனம்: தண்ணி ஆழம் காணாது, போதாது என்று. டொச்சில் நிஃட் டீஃப். அதைச் சொல்லிக் கதிரைக் கையில் அடிப்பார். எனக்குப் பாடம் பிழைத்தால் அடிக்கிற அதே அடி. ஆழம் காணாது, ஆழம் காணாது.

தங்கச்சி, நீங்கள் கொம்படியால் வந்தனீங்களோ, இல்லாவிட்டால் கப்பலில் கொழும்புக்கு வந்தனீங்களோ? நாங்கள் கொம்படியால் வந்தது. எங்கள் நேரம் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற வேறு பாதை இருக்கவில்லை. சேறும் தண்ணியுமாகக் கிடந்த அந்தத் தரவை வெளியில் நான் நிரோஜாவைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். தண்ணி இடுப்புக்கு வந்தது, பிறகு முழங்காலுக்கு இறங்கியது, பிறகும் ஏறியது. முன்னால் போகிற கிழவி ஒன்று ஒவ்வொரு அடிக்கும் "ஆழமில்லை, வாங்கோ, ஆழமில்லை" என்று சொல்லிக்கொண்டே போனது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் வந்தேன். ஆழமில்லாதபடியால்தான் உயிரோடு இருக்கிறேன். ஒரு சாண் கூட இருந்திருந்தால் நான் இந்த ரெயினில் இல்லை.

அப்ப எனக்கு எப்படி விளங்கும்? நீங்களே சொல்லுங்கோ. ஒரு மனிசர் தண்ணிக்குள் நிற்கிற பெண்டு பிள்ளைகளை நினைத்து ஆழத்தைப் பற்றிப் புலம்பினால் நான் என்ன நினைப்பேன்? இவரும் எங்களைப் போலச் சனத்தைக் கடத்தி விட்டிருக்கிறார், குதிரை நீந்துகிற அளவுக்குத் தண்ணி இல்லை, சேற்றில் புதைந்துவிட்டது, கூட்டிப் போக முடியவில்லை, அந்தக் கவலை என்று நினைத்தேன். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

ஒரு நாள் மத்தியானம், சூப் கொடுத்துக்கொண்டிருக்கும்போது தொடங்கிவிட்டார். நான் கரண்டியை வைத்துவிட்டு முதல் தரமாக அவருக்கு முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். அவருடைய நல்ல கையைப் பிடித்தேன்.

"மாஸ்டர், ஆழம் இல்லாதது நல்லது," என்று எனக்குத் தெரிந்த டொச்சில் சொன்னேன். "கவலைப்படாதேங்கோ. எல்லாரும் கரைக்கு வந்துவிட்டோம்."

அவர் என்ரை பக்கம் திரும்பினார்.

"யார் வந்தது?"

"பெண்டுகள், பிள்ளைகள். நானும் வந்தேன்."

"நீ தண்ணிக்குள் நின்றாயோ?"

"நின்றேன் மாஸ்டர். பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றேன். தண்ணி இதுவரைக்கும்," என்று இடுப்பைத் தொட்டுக் காட்டினேன்.

அவர் கையை இழுத்துக்கொண்டார். ஒரு மனிசருடைய முகத்தில் இருந்து இரத்தம் இறங்குவதை நான் அன்றுதான் கண்டேன். என்னை அவர் அதற்கு முன்னம் அப்படிப் பார்த்ததில்லை. எனக்குச் சந்தோசமாகக் கூட இருந்தது, என்னுடைய கதை இவரைத் தொட்டுவிட்டது என்று. அவருக்கு வந்தது பயம் என்று எனக்குத் தெரியவில்லை.

பின்னேரம் ஹெல்கா வர, குழந்தைப் பிள்ளை மாதிரி மகளின் கோட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னார், அவள் அங்கே நின்றவள், கரைக்கு வந்துவிட்டாள், சொல்லிவிட்டாள் என்று. ஹெல்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். தெருப் பக்கத்து யன்னலைச் சாத்தினார். அதுதான் எனக்கு முதல் பயம்.

அடுத்த நாளிலிருந்து அவர் என்ரை கையால் வாய் திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். சாப்பாட்டில் நஞ்சு கலந்திருக்கிறேனாம். ஒரு நேரம், இரண்டு நேரம், அடுத்த நாளும் இல்லை. எனக்குப் பைத்தியம் பிடிக்கிற மாதிரி வந்தது. அவர் சாப்பிடாவிட்டால் இல்லம், இல்லம் என்றால் எனக்கு வேலை இல்லை, வேலை இல்லையென்றால் முத்திரை இல்லை. கடைசியில் ஒரு கரண்டி சூப்பை அவருக்கு முன்னால் நான் குடித்தேன். பார்த்துக்கொண்டே இருந்தார். நான் விழுந்து சாகவில்லை என்று கண்ட பிறகு அதே கரண்டியால் வாங்கினார். ஒவ்வொரு கரண்டிக்கும் முன்னம் நான் ஒரு கரண்டி. எச்சில் என்று அவர் பார்க்கவில்லை, நானும் பார்க்க ஏலாது. அவருக்குப் பிடித்தது மாட்டெலும்பு சூப். வெள்ளிக்கிழமையும் அதுதான். அம்மாளே என்று கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். அதற்குத்தான் தங்கச்சி, இப்ப போகிறேன். பரிகாரம் என்ன செய்யலாம் என்று ஐயரைக் கேட்க வேண்டும். அது நெஞ்சைக் குடைந்துகொண்டே இருக்கிறது.

பிறகு அவர்கள் வந்தார்கள். ஹெல்கா வேலையில். வாசலில் ஒரு அம்மாவும் ஒரு ஐயாவும், அரச வழக்கறிஞர் கந்தோர் என்று அட்டையைக் காட்டினார்கள். என்னைப் பிடிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து டுல்டுங்கை எடுத்து நீட்டினேன். அந்த அம்மா அதைப் பார்க்கவேயில்லை. பாருங்கோ, அதைப் பார்க்காத அதிகாரியை நான் கண்டதில்லை. அதனால் இன்னும் பயந்தேன்.

நல்ல மாதிரியான அம்மா. ஆறுதலாக, சின்னச் சின்னச் சொல்லாகச் சொன்னார். அந்தச் சதுப்பு நாட்டில், அந்தக் கோடையில், குதிரைப் படை கிராமம் கிராமமாகப் போனதாம். ஆம்பிளைகளைச் சுட்டார்களாம். பெண்டு பிள்ளைகளைச் சுடாமல் குதிரையால் நெருக்கி நெருக்கிச் சதுப்புக்குள் இறக்கினார்களாம், தாண்டு மூழ்கிப் போகட்டும் என்று. ஒருத்தரும் தாழவில்லை. தண்ணி ஆழம் காணாது. அதற்குப் பிறகு என்ன செய்தார்கள் என்று அந்த அம்மா சொல்ல வாயெடுத்துவிட்டுச் சொல்லவில்லை. ஒரு சின்னப் பெட்டை மட்டும் நாணலுக்குள் ஒளித்திருந்து தப்பியிருக்கிறாள். இப்போது கிழவி, உயிரோடு இருக்கிறாவாம். குதிரையில் இருந்த அதிகாரி திரும்பத் திரும்பக் கத்தின சத்தத்தைப் பாடமாக்கி வைத்திருக்கிறா. அர்த்தம் தெரியாமலே. நிஃட் டீஃப்.

அது எந்த அதிகாரி என்று தெரியாதாம். அங்கே பலபேர் இருந்தார்களாம். ஆசுப்பத்திரியில் ஒரு நேர்ஸ்பிள்ளை மாஸ்டர் இப்படிப் புலம்புவதைக் கேட்டுப் போய்ச் சொல்லியிருக்கிறாள். ஆனால் அவள் கேட்டது அந்த வசனத்தை மட்டும். முன்னுக்கும் பின்னுக்கும் என்ன சொன்னார் என்று தெரியாது. அதைக் கேட்டிருக்கக் கூடியது நான் ஒருத்திதானாம்.

"நீங்களும் யுத்தத்தில் இருந்து தப்பி வந்தவர்," என்று அந்த அம்மா என்னுடைய முகத்தைப் பார்த்துச் சொன்னார். "மற்றவர்களை விட உங்களுக்கு இது விளங்கும்."

எனக்கு அதில்தான் கோபம் வந்தது. இப்பவும் இருக்கிறது. ஏன் எனக்கு விளங்க வேண்டும்? இந்த ஊரில் எத்தனை டொக்டர், எத்தனை அப்புக்காத்து, எல்லாரும் அவரிடம் பழகினவர்கள், ஐம்பது வருசமாகத் தொப்பி தூக்கினவர்கள். அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. முத்திரைக்கு அலைகிற எனக்கு விளங்க வேணுமாம். நான் கையை விரித்து, டொச்சு கொஞ்சம், குசினி டொச்சு என்றேன். மாஸ்டர் படிப்பித்த வசனத்தை எல்லாம் உடைத்து உடைத்துச் சொன்னேன். அப்ப அடுத்த கிழமை தமிழ் மொழிபெயர்ப்பாளரோடு வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போன பிறகு டுல்டுங்கை மடித்துப் பைக்குள் வைத்தேன். உள்ளே மாஸ்டர் நித்திரை. வாயில் இருந்து எச்சில் வழிந்தது. துடைக்க வேண்டும், துடைத்தேன். என்ரை கைதானே, அது தன்ரை பாட்டில் துடைத்தது.

ஹெல்காவுக்கு அவர்கள் வந்து போனது தெரிந்துவிட்டது. என்னை இருத்திக் கோப்பி தந்தார். என்னுடைய பெயர் தவமலர், அவர் மாலா என்றுதான் கூப்பிடுவார். "மாலா, உனக்கு எல்லாம் விளங்குவதில்லைத்தானே," என்றார். கேள்வியாகவும் இல்லை, கேள்வி இல்லாமலும் இல்லை. அப்பா வீட்டில் இருந்தால் உனக்கும் நல்லது எனக்கும் நல்லது என்றார். நிரோஜாவுக்கு ஒரு நல்ல குளிர்ச்சட்டை கொண்டுவந்திருந்தார், தன்னுடைய மகள் போட்டது. அதன் பொத்தானைப் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டே கதைத்தார். நான் ஓம் என்று தலையாட்டினேன்.

மனிசனிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"உனக்கென்ன விசரே?" என்றார். "நீ ஏன் அந்தாளுக்குக் கொம்படிக் கதை சொல்லப் போனனி?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? அழுகிறார் எண்டு நினைச்சன்."

"வெள்ளைக்காரன்ரை செத்தவீடு வெள்ளைக்காரனோடை. நீ ஒண்டும் கேக்கேல்லை, உனக்கு ஒண்டும் தெரியாது. விளங்குதோ?"

"தமிழ் ஆளைக் கூட்டி வருகினமாம். தமிழிலை கேட்டால் விளங்கேல்லை எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

மனிசன் சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு யன்னலடிக்குப் போய்விட்டார். எல்லா ஆம்பிளைகளும் அப்படித்தானே. ஏசத் தெரியும், வழி சொல்லத் தெரியாது.

அந்தக் கிழமை முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவருக்கு முன்னம் குடித்த சூப்பைத் தவிர. கேட்டேன் என்று சொன்னால் ஹெல்கா கந்தோருக்கு ஒரு போன் அடித்தால் போதும். கேட்கவில்லை என்று சொன்னால் நேர்ஸ்பிள்ளை கேட்டிருக்கிறாளே, கூடவே இருக்கிற நீ எப்படிக் கேட்காமல் போனாய் என்பார்கள். பொய் சொன்ன அகதி என்று எழுதினால் அதோடு சரி. அந்தக் கிழவியையும் நினைத்தேன், நினைக்காமல் இல்லை. பாவம். ஆனால் அவ தப்பிவிட்டாதானே. நான் இன்னும் தப்பி முடியவில்லை.

மொழிபெயர்ப்பாளராக வந்தது ஞானசீலன் என்று ஒரு தம்பி, வேறு ஊர். கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, அக்கா அக்கா என்று மரியாதையாகக் கதைத்தார். சாப்பாட்டு மேசையில் அவர், அந்த அம்மா, ஐயா, ஹெல்கா, நான். பக்கத்து அறைக் கதவு திறந்து கிடந்தது. மாஸ்டர் அங்கே கதிரையில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு நல்லாய்த் தெரியும், நான் சொல்லப்போகிறேன் என்று.

தண்ணியைப் பற்றி இவர் ஏதும் சொல்லியிருக்கிறாரோ என்று அந்த அம்மா கேட்டார். ஞானசீலன் தமிழில் கேட்டார்.

"ஓம்," என்றேன்.

ஹெல்காவின் கை மேசையில் இருந்து மடிக்குப் போனது.

"ஆழம் காணாது என்று சொல்லுவாரோ?"

"ஓம் தம்பி. ஒவ்வொரு நாளும் சொல்லுவார்."

அந்த அம்மாவின் கண் எப்படி விரிந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஐயா பேனையை எடுத்துவிட்டார். எதைப் பற்றிச் சொல்லுவார் என்று கேட்டார்கள். எனக்கு அந்தச் சொல்லு எங்கிருந்து வந்தது என்று தெரியாது, அம்மாள் தந்தது என்றுதான் நினைக்கிறேன்.

"கிளாஸைப் பற்றித்தான்."

"என்ன அக்கா, கிளாஸோ?"

"ஓம் தம்பி. தண்ணி குடிக்கிற கிளாஸ். கை நடுங்கிற மனிசன், ஊத்திப்போடுவார் எண்டு சின்னக் கிளாஸிலைதான் குடுக்கிறனான். தண்ணி ஆழம் காணாது, ஆழம் காணாது எண்டு என்னை ஏசுவார்."

ஞானசீலன் கழுத்துப்பட்டியை இழுத்து விட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். அவரும் ஊர்ப்பிள்ளைதானே, அவருக்கும் வீசா எப்படியோ. பிறகு மெதுவாக டொச்சில் சொன்னார், ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல்.

அந்த அம்மா ஐயா எழுதினதை எட்டிப் பார்த்தார். பிறகு, அந்தக் கிளாஸைப் பார்க்கலாமோ என்றார்.

எழும்பிக் குசினிக்குப் போனேன். தட்டில் முழுக்கப் பெரிய கிளாஸ், நான் ஒவ்வொரு நாளும் அவருக்குக் கொடுக்கிற கிளாஸ். பின்னுக்குக் கையை விட்டுத் துழாவினேன். சாராயம் குடிக்கிற சின்னக் கிளாஸ் ஒன்று அகப்பட்டது, தூசி பிடித்து. பைப்பைத் திறந்தால் கேட்கும். கேத்தலில் மிச்சமிருந்த தண்ணியை விட்டு, சேலைத் தலைப்பால் துடைத்து, அடியில் ஒரு துளி நிற்கிற மாதிரி விட்டுக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன்.

எல்லாரும் அதைப் பார்த்தார்கள். ஐயா பேனையை மூடினார். அந்த அம்மா மட்டும் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வைத்தார். நம்பினாரோ இல்லையோ எனக்குத் தெரியாது. வாசலில் எனக்குக் கை தந்தபோது அவருடைய கை குளிர்ந்திருந்தது. திரும்பவும் வரக்கூடும் என்றார்.

அதுதான், அவர்கள் படலைக் கதவைத் தாண்டினவுடனே பெரிய கிளாஸ் எல்லாவற்றையும் கடுதாசியில் சுற்றிப் பெட்டியில் போட்டு நிலவறையில் கொண்டுபோய் வைத்தேன். ஹெல்கா படியில் நின்று பார்த்தார், ஒதுங்கி வழி விட்டார். அன்றிலிருந்து மாஸ்டருக்கு அந்தச் சின்னக் கிளாஸில்தான் தண்ணி. முதலில் நான் ஒரு மிடறு, பிறகு அவர் ஒரு மிடறு. முடிந்துவிடும். காணாது என்று கதிரையில் அடிப்பார். நான் திரும்ப ஊற்றுவேன், திரும்ப அடிப்பார். இனி யார் வந்து நின்று கேட்டாலும் கேட்கட்டும். அந்த வீட்டில் அவர் அப்படிச் சொல்லுவது கிளாஸைத்தான்.